உப்புக்கை வீட்டுக் கடல்

கடலிலிருந்து ரயிலில் பதினோரு மணி நேரம் தள்ளியிருந்த அந்த ஊரில், கண்ணாடிக்காரர் வீட்டு முன்னறை மீன்தொட்டியில் ஒரு நாளைக்கு இரண்டு முறை கடல் ஏறி இறங்கியது. ஏற்றம் நான்கு விரற்கடை, இறக்கமும் நான்கு விரற்கடை. யாரும் ஊற்றவில்லை, யாரும் மொண்டு எடுக்கவில்லை. முதல் வாரம் தெருவே திரண்டு வந்து பார்த்தது. இரண்டாம் வாரம் பாதித் தெரு வந்தது. மூன்றாம் வாரம் எதிர்வீட்டுக்காரர் மட்டும் வந்தார். அவருடைய கடிகாரம் நின்றுபோயிருந்தது, ஏற்றத்தைப் பார்த்து நேரம் தெரிந்துகொள்ளலாம் என்று நினைத்தார். கடல் நாளுக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் பிந்தி வரும் என்பது தெரியாமல் மூன்றாம் நாளே வேலைக்குத் தாமதமாகப் போய் மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அதன்பின் அவரும் வரவில்லை. ஆச்சரியம் எதற்கும் ஓர் ஆயுள் உண்டு.

அந்தக் கடலை உண்டாக்கியவள் கண்ணாடிக்காரரின் மனைவி. ஊரில் அவளுக்கு உப்புக்கை என்று பெயர், காரணப் பெயர்தான். பெரிய ஆஸ்பத்திரியின் சமையலறையில் இருபத்தாறு வருடமாக வேலை பார்த்தாள். வேளைக்கு இருநூற்று எண்பது தட்டு, மூன்று அண்டா. ஒன்று சாதாரணம், ஒன்று உப்புக் குறைத்தது, ஒன்று உப்பே இல்லாதது. சமைக்கிறவர்கள் வாயில் போட்டுப் பார்க்கக் கூடாது என்பது அங்கே சட்டம். மற்றவர்கள் அளவுக் கிண்ணமும் கரண்டியுமாகத் தடுமாறும்போது இவள் டப்பாவுக்குள் கையை விடுவாள், மூடுவாள், தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பாள், போடுவாள். முடிந்தது வேலை. ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த உணவு ஆலோசகர் ஒருத்தி, படித்த பெண், ஒரு மாதம் முழுக்க அந்தக் கைப்பிடியைத் தராசில் நிறுத்துப் பார்த்தாள். மாதக் கடைசியில் தராசைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, "நீங்க போடுங்கம்மா" என்று சொல்லிவிட்டாள். படித்தவர்களிலும் இப்படி நியாயம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

கண்ணாடிக்காரருக்கு வீட்டை ஒட்டியே கடை. ஜன்னல் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி, கடைகளுக்கான கண்ணாடிப் பெட்டி எல்லாம் வெட்டிக் கொடுப்பார். இடது கை மோதிர விரலில் பாதி இல்லை. வெகு காலத்துக்கு முன் ஒரு கண்ணாடித் தகடு அதை வாங்கிக்கொண்டது. மகனுக்குப் பத்து வயதானபோது நான்கடி நீளத்தில் அந்தத் தொட்டியை அவரே ஒட்டிக் கொடுத்தார். அதில் நல்ல தண்ணீர் மீன்கள் ஓடின, பையனும் வளர்ந்தான். வளர்ந்தவன் ஒரே பரீட்சையில் மூன்று முறை தவறினான். ஒருநாள் கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது, ஓர் உப்புப் பெறாத விஷயத்துக்கு, அளவு எழுதிய காகிதத்தைத் தொலைத்துவிட்டான் என்பதற்காக, அப்பா கேட்டார்: "சோத்துல உப்புப் போட்டுத்தானடா திங்கிறே?" தமிழ் பேசுகிற அப்பாக்கள் தினம் தினம் கேட்கிற கேள்விதான் அது. எந்தப் பிள்ளையும் பதில் சொன்னதில்லை. இவன் சொன்னான். கையில் இருந்த பெரிய கண்ணாடித் தகட்டை ஒரு கீறல் இல்லாமல் சுவரில் சாய்த்து வைத்தான், கையுறையைக் கழற்றி அதன்மேல் வைத்தான், "இந்த வீட்டு உப்பு எனக்கு இனிமே வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டினான். எங்கோ ஒரு சரக்குக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக நான்கு மாதம் கழித்துத் தெரிந்தது.

அன்று மதியத்திலிருந்து கண்ணாடிக்காரர் உப்பை விட்டுவிட்டார். காரணம் கேட்டவர்களிடம் ரத்தக் கொதிப்பு என்றார். ஆஸ்பத்திரியில் அளந்து பார்த்தபோது அவருடைய ரத்தம் இருபது வயதுப் பையனுடையது போல அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. உப்புக்கை எதுவும் கேட்கவில்லை. வீட்டிலும் இரண்டு பாத்திரம் வைக்கத் தொடங்கினாள், தனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. ஆனால் மாதா மாதம் உப்பு வாங்குவதை மட்டும் அவள் குறைக்கவில்லை. அவர் சாப்பிட்டிருக்க வேண்டிய உப்பைத் தினமும் எடுத்து ஒரு பெரிய தகர டப்பாவில் போட்டுவைத்தாள். அது அவருடைய பங்கு, அதை வேறு யார் சாப்பிடுவது என்பது அவள் நியாயம்.

மகன் வருடத்துக்கு ஒருமுறை போன் செய்தான். "நல்லாருக்கேம்மா" என்பான், பின்னால் ஓர் இயந்திரம் உறுமும், வைத்துவிடுவான். என்ன வேலை, எந்தக் கப்பல், ஒன்றும் கிடையாது. பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் மீதி வருடத்தை ஓட்டினாள். ஒன்பதாம் வருடம் போன் வரவில்லை. இரண்டு மாதம் பார்த்தாள், மூன்று மாதம் பார்த்தாள். பிள்ளை உயிரோடு இருக்கிறானா என்பது தெரியாமல் இருநூற்று எண்பது தட்டுக்கு உப்புப் போட்டாள், அப்போதும் கை தப்பவில்லை. நான்காம் மாதம் ஒரு விடுமுறை நாளில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தொட்டியின் தண்ணீரை வாளியில் இறைக்கத் தொடங்கினாள்.

"என்ன பண்றே?" என்றார் கண்ணாடிக்காரர்.

"உப்புத் தண்ணியா மாத்தப் போறேன். அவன் எந்தத் தண்ணில இருக்கானோ அந்தத் தண்ணி இந்த வீட்டுலயும் இருக்கட்டும்."

"நல்ல தண்ணிய எதுக்குக் கெடுக்கறே?"

"தண்ணி கெடலீங்க. வாய்தான் கெட்டுது."

அவர் கடைக்குப் போய்விட்டார். அதற்குமேல் அங்கே நிற்க எந்த மனிதனாலும் முடியாது.

வளர்ப்பு மீன் கடைக்காரர் ஒருவர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்தார். பொறுமைசாலி, ஆனால் எதையும் எண்களாகவே பேசுவார். தொட்டியைச் சோப்பு போடாமல் தேய்க்க வேண்டும், பழைய கூழாங்கல்லை ஒன்றுவிடாமல் எடுத்துவிட்டுப் பவள மணல் போட வேண்டும், குழாய்த் தண்ணீர் ஆகாது, வடிகட்டிய தண்ணீர்தான், லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் கடலுப்பு, நுண்ணுயிர்கள் குடியிருக்கும் உயிர்ப்பாறை, அலை அடிக்கும் பம்பு. எல்லாவற்றுக்கும் மேல் ஆறு வாரம் மீனே விடாமல் காத்திருக்க வேண்டும், தண்ணீர் பழுக்க வேண்டும் என்றார். இந்த இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் தோற்றுப்போகிறார்கள் என்றும் சொன்னார். ஒன்பது வருடம் காத்திருந்தவளுக்கு ஆறு வாரம் எம்மாத்திரம். உப்புக்கை கேட்டது ஒரே ஒரு கேள்வி: தண்ணீர் வற்றினால் எதை ஊற்றுவது, உப்புத் தண்ணீரா? கடைக்காரர் இல்லை என்றார். "ஆவியாப் போறது தண்ணி மட்டும்தான்க்கா. உப்பு எங்கயும் போகாது, உள்ளேயேதான் கெடக்கும். அதனால கொறைஞ்சா நல்ல தண்ணிதான் ஊத்தணும்." அவள் அதை மனதில் வாங்கிக்கொண்டாள்.

பழைய மீன்களை எல்லாம் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் பிரிவுக்குக் கொடுத்தாயிற்று. ஒரு கருப்பு மோலி மட்டும் வலையில் சிக்காமல் மூன்று நாள் ஆட்டம் காட்டியது. மகன் விட்டுப்போன மோலியின் பேரனுக்குப் பேரன் அது, பிடிவாதம் குடும்பத்தில் வந்தது. கடைசியில் சிக்கியபோது கடைக்காரர் அதைக் கொடுக்க வேண்டாம் என்றார். அந்த ஜாதி மீன் இரண்டு தண்ணீரிலும் பிழைக்கும், மாற்றம் மட்டும் அதற்குத் தெரியாமல் நடக்க வேண்டும். அப்படியே ஆயிற்று. ஒரு வாளியில் மோலியை விட்டு, நாற்பது நாள், நாளுக்கு ஒரு சிட்டிகை. எந்தச் சிட்டிகையில் தான் கடல் மீனானோம் என்று அந்த மோலிக்கே தெரியாது. இருநூற்று எண்பது பேருக்கு ஒரே வீச்சில் போடுகிற கை ஒரு விரல் நீள மீனுக்காக நாற்பது நாள் நடுங்காமல் கிள்ளிப் போட்டது. அந்தக் கையைக் கும்பிடத்தான் வேண்டும்.

ஆறாவது வாரம், கடலுப்புப் பொட்டலங்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன. உப்பளக்கும் கருவியின் முள், நிற்க வேண்டிய கோட்டுக்கு ஒரு முடி அளவு கீழே நின்றது. மீன் கடைக்காரரோ மைத்துனர் வீட்டுக்குப் போய் ஒரு வாரம் கடையைப் பூட்டியிருந்தார். உப்புக்கை அடுப்படிக்குப் போய்த் தகர டப்பாவைத் திறந்தாள். கையை விட்டாள், மூடினாள், தலையைச் சாய்த்தாள், போட்டாள். முள் கோட்டின்மேல் வந்து உட்கார்ந்தது. திரும்பி வந்த கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். சமையல் உப்பைப் போடலாமா, எல்லாம் பாழ் என்றார். பிறகு முள்ளைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். முப்பது வருடத்தில் முள் அப்படி ஓர் இடத்தில் நின்று பார்த்ததில்லை என்றார். மோலியைத் தொட்டியில் விட்டார்கள். மறுநாள் காலை தண்ணீர் நான்கு விரற்கடை ஏறியிருந்தது.

ஏன் ஏறியது என்பதற்குக் கடைக்காரர் சொன்ன விளக்கத்தைத்தான் ஊர் ஏற்றுக்கொண்டது. உப்பு ஒரு கல் கூடவுமில்லை, ஒரு கல் குறையவுமில்லை. அவ்வளவு சரியாக இருந்ததால் அந்தத் தண்ணீருக்குத் தான் தொட்டியில் இருப்பது தெரியவில்லை, கடல் என்றே நினைத்துக்கொண்டது. இதில் நம்பாமலிருக்க ஒன்றும் இல்லை. ஏற்றத்தில் தண்ணீர் விளிம்பைத் தாண்டித் தரையில் வழிந்தது. அதுவரை உப்புக்குச் சப்பாணியாக ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கண்ணாடிக்காரர், ஒருநாள் மனைவி வேலைக்குப் போயிருந்த நேரத்தில், தொட்டியின் நான்கு பக்கமும் ஐந்து விரல் உயரத்துக்குக் கண்ணாடிப் பட்டை ஒட்டிவைத்தார். அவள் வந்து பார்த்தாள். அவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மாதம் கழித்து ஏற்றத்தோடு ஏதோ மிதந்து வந்தது. வெங்காயத் தோல். உப்புக்கை அதை உள்ளங்கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். இரண்டு முனையும் வெட்டி, நடுவே ஒரே கீறல் போட்டு, கிழியாமல் முழுச் சட்டையாகக் கழற்றிய தோல். அந்த மாதிரி உரிக்கிறவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தி அவள், இன்னொருவன், பள்ளி விட்டு வந்து அடுப்படித் தரையில் உட்கார்ந்து அவளுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தவன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, அந்த ஈரத் தோலைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். கண்ணாடிக்காரர் பயந்துபோய் ஓடிவந்தார்.

"இருக்கான்ங்க. உசுரோட இருக்கான். கப்பல்ல சமைக்கறான்."

"சமைக்கறானா?" என்றார் அவர். கொஞ்ச நேரம் கழித்து, "கண்ணாடி வெட்டத்தான் அவனுக்கு வரல" என்றார். அதற்கும் கொஞ்ச நேரம் கழித்து, "ஒன்னோட கைதான் அவனுக்கு" என்றார். அந்த வீட்டில் அவனைப் பற்றி அவர் பேசியது ஒன்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை.

அதிலிருந்து தொட்டியைப் படிப்பது ஒரு வழக்கமாயிற்று. தண்ணீர் பச்சையாகத் தெளிந்திருந்தால் கப்பல் கரையோரம் போகிறது. மேலே எண்ணெய்ப் படலம் மின்னினால் துறைமுகத்தில் நிற்கிறது. நீலம் கறுத்தால் நடுக்கடல். வேலைக்குக் கிளம்புமுன் உப்புக்கை குனிந்து பார்ப்பாள். அவள் போனபின் கண்ணாடிக்காரர் குனிந்து பார்ப்பார், கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில்.

அடுத்த வருடம் ஒருநாள் காலை ஒன்பது மணிக்குத் தொட்டியில் புயல் வந்தது. வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது, தெருவில் துணி உலர்த்தியிருந்தார்கள். தொட்டிக்குள் தண்ணீர் ஒரு பக்கச் சுவரில் மோதி மறு பக்கச் சுவருக்குப் போயிற்று, உயிர்ப்பாறை உருண்டது, பட்டையைத் தாண்டித் தண்ணீர் உத்தரத்தில் அடித்தது. பத்து மணிக்கு முன்பக்கக் கண்ணாடியின் இடது மூலையில் ஒரு விரிசல் விழுந்தது. கண்ணாடிக்காரர் கடையிலிருந்து பசைக் குழாயோடு வந்தார். ஓடுகிற நீரில் பசை பிடிக்காது, அவருக்கு அது தெரியாததல்ல. விரிசல் ஒரு சாண் ஏறியது. தொட்டி உடைந்தால் என்ன ஆகும் என்று இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. அவர் பசைக் குழாயைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் விரிசல்மேல் வைத்து, முழங்காலைத் தரையில் ஊன்றி அழுத்திக்கொண்டார்.

மாலை ஆறு மணி வரை அவர் கையை எடுக்கவில்லை. கடையில் ஆட்கள் வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். கசிந்து இறங்கிய தண்ணீரை உப்புக்கை துணியில் ஒற்றி, வாளியில் பிழிந்து, ஒரு சொட்டு வீணாக்காமல் மேலே திரும்ப ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் முதுகு விட்டுப்போயிற்று. நான்கு மணிக்கு மேல் விரிசல் அவர் விரல்களுக்கு நடுவே மறுபடி நெளியத் தொடங்கியபோது, கண்ணாடிக்காரர் நெற்றியைத் தொட்டியில் முட்டிக்கொண்டு பேசினார். உரக்கப் பேசவில்லை. ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுவது போலப் பேசினார்.

"உப்புப் போட்டுத்தான்டா சாப்பிடறே. ரோஷக்காரன்டா நீ. ரோஷம் இருக்கப் போய்த்தான் போனே. நான்தான் நாக்குல நரம்பில்லாமப் பேசிட்டேன். வந்துடுடா. வந்து திட்டிட்டுக்கூடப் போ."

ஆறு மணிக்குத் தண்ணீர் தணிந்தது. விரிசல் மேலே ஏறாமல் அவருடைய பாதி விரலுக்கு அடியில் நின்றிருந்தது. அவருக்குக் கைகளை மடக்க முடியவில்லை. அன்று உப்புக்கைதான் ஊட்டிவிட்டாள், உப்பில்லாத சோற்றை.

மறுநாள் ஏற்றம் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. தண்ணீர் வெட்டிவைத்த கண்ணாடி போல அசையாமல் கிடந்தது. மோலி மட்டும் விரிசலுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது. மீன் கடைக்காரர் வந்து முள்ளைப் பார்த்து எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றார், ஆனால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உப்புக்கை வேலைக்குப் போனாள், வந்தாள். கண்ணாடிக்காரர் கடையைத் திறந்தார், அடைத்தார். அவள் உள்ளே நுழையும்போதெல்லாம் அவர் தலையை இல்லை என்று ஆட்டுவார். இருபத்து மூன்று நாள்.

இருபத்து நான்காம் நாள் மதியம் தண்ணீர் ஏறியது. நான்கு விரற்கடையில் நிற்காமல் ஐந்துக்கு வந்து, கண்ணாடிக்காரர் ஒட்டிய பட்டையின் விளிம்பில் தளும்பிக்கொண்டு நின்றது. வாசலில் முடி முன்பக்கம் நரைத்த ஓர் ஆள், தோளில் பையோடு, செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"உள்ள வாடா" என்றாள் உப்புக்கை. அவன் வந்து அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான். நிமிர்ந்தபோது அப்பா தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தான். அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார், தொழில்காரர் கேட்கிற மாதிரி.

"எந்தப் பக்கம் விரிசல் விட்டுச்சு?"

"முன்னாடி, எடது பக்கம்ப்பா. தண்ணி உள்ள வந்துடுச்சு, எல்லாரும் முடிஞ்சுதுன்னுதான் நெனச்சோம். திடீர்னு நின்னுடுச்சு. பழுது பாக்கறதுக்குக் கப்பலைத் தண்ணிய விட்டு வெளிய ஏத்தினாங்க. இரும்புல ரெண்டு கை பதிஞ்சிருந்துச்சு. கேப்டன் போட்டோ எடுத்தாரு." அவன் அப்பாவின் கைகளைப் பார்த்தான். "எடது கையில மோதிர விரல் பாதிதான் இருந்துச்சு."

கண்ணாடிக்காரர் அந்தக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். சின்ன வயதில் வெட்டுப்பட்டபோதும் அப்படித்தான் மறைத்தாராம்.

உப்புக்கை அடுப்படிக்குள் போனாள். அன்று அவள் இரண்டு பாத்திரம் வைக்கவில்லை, மூன்று பேருக்கும் ஒரே பாத்திரம். டப்பாவுக்குள் கையை விட்டாள், மூடினாள், தலையைச் சாய்த்தாள், போட்டாள். மகன் முதல் வாய் வைத்தான், மென்றான், அம்மாவின் முகத்தைப் பார்த்தான். கப்பலில் முப்பது பேருக்குச் சமைக்கிறவன், பொய் சொல்ல அவனுக்கு வரவில்லை.

"அம்மா, உப்பு கம்மி."

இருபத்தேழு வருடத்தில் அந்தக் கை தப்பியது அந்த ஒரு தடவைதான். உப்புக்கை தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள். வெட்கப்பட வேண்டியவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணாடிக்காரர் எழுந்து போய், பத்து வருடமாகத் தான் சாப்பிடாத உப்பு இருந்த தகர டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் வைத்தார். ஒரு சிட்டிகை எடுத்து மகன் தட்டில் வைத்தார். இன்னொரு சிட்டிகை எடுத்துத் தன் தட்டில் போட்டுப் பிசைந்தார். "இப்ப சரியா இருக்கா?" என்று கேட்டார். மகன் சரியாக இருக்கிறது என்றான். அவருடைய தட்டில்தான் கரித்தது. சாப்பிடச் சாப்பிட அதில் உப்பு கூடிக்கொண்டே போயிற்று. அவர் துடைத்துக்கொள்ளவில்லை, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தார்.

ஒரு மாதம் இருந்துவிட்டு மகன் கப்பலுக்குத் திரும்பினான். இப்போது வருடத்துக்கு ஒருமுறை வந்து போகிறான், கப்பல் சமையலுக்கு வீட்டு உப்பை ஒரு பொட்டலம் கட்டி எடுத்துப் போகிறான். விரிசல் கண்ட கண்ணாடியைக் கண்ணாடிக்காரர் மாற்றவில்லை; ஒரு சொட்டுக் கசிவதில்லை. தொட்டியில் கடல் வழக்கம்போல் ஏறுகிறது, இறங்குகிறது. மோலி கொழுத்துவிட்டது. தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்களிடம் எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த வீட்டில் கடல் இருக்கிறது என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். வெயில் நாட்களில் தண்ணீர் சற்றே வற்றும். காலையில் கடையைத் திறக்குமுன் கண்ணாடிக்காரர் ஒரு செம்பு எடுத்துவந்து, குறைந்த அளவுக்கு மெதுவாக ஊற்றுகிறார். நல்ல தண்ணீர்தான்.